இருபத்து மூன்று பை வைத்த சுருள்

8 டிசம்பர், திங்கள்

காலையில் நல்ல குளிர். ஜீப்பின் கண்ணாடி முழுக்கப் பனி. தார்ப்பாயை உருவி எடுத்தேன். பத்து மாதத் தூசு, மூக்கில் ஏறித் தும்மல்.

பிசியோ தினமும் பத்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார். வலது கையால்தான். பேனா கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில். நடுவே இருக்க வேண்டிய இரண்டும் பிப்ரவரியில் ஃபாக்டரியில் தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு அடியில் போய்விட்டன. என்ன எழுத என்று கேட்டேன். எதையாவது, என்றார். அதனால் இந்த நோட்டு. தமிழில் எழுதுவது வசதி. போபோடியில் ஏழாவது வரை தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். என் மனைவி எஸ்தர் படித்தது கான்வென்ட். தமிழில் சண்டை போடுவாள், படிக்க வராது. நோட்டை டிவி மேலேயே வைக்கலாம்.

(எஸ்தர் இனி எ. ஜாதவ் இனி ஜா. கைக்கு அவ்வளவு வேலை மிச்சம்.)

ஜா. போன் செய்தான். போசரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், எங்கள் காட்டுப் பயணக் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். சனிக்கிழமை நாலு வண்டி. தாம்ஹிணி காட் மலைப்பாதை தாண்டி உள்ளே இறங்கும் மண் தடம். நீயும் வா அண்ணா, சும்மா உட்கார்ந்து வந்தால் போதும், டூல்ஸ் எல்லாம் இந்தத் தடவை நான் எடுத்து வருகிறேன், என்றான் இந்தியில்.

பதினோரு வருஷமாக நாலு வண்டிக்கும் டூல்ஸ் சுமந்தவன் நான். நடுக்காட்டில் எது உடைந்தாலும் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பும். சும்மா உட்கார்ந்து வா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எரிகிறது.

வியாழனுக்குள் சொல்கிறேன் என்றேன்.

கை வலி. நிறுத்துகிறேன்.

9 டிசம்பர், செவ்வாய்

வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன், இன்னும் வியப்பு அடங்கவில்லை.

சாக்பீஸ் ஒரு கட்டு எ.யின் பையிலிருந்து. (ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர். சாக்பீசுக்குப் பஞ்சமில்லை.) ஜீப்பைச் சுற்றி வந்து, கையெட்டும் ஒவ்வொரு நட்டின் பக்கத்திலும் அதன் அளவை எழுதினேன். பம்பர், ரேடியேட்டர், பேட்டரி, ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய், கதவுக் கீல். பிறகு பாய் விரித்து அடியிலும் தலையை மட்டும் நுழைத்து, எட்டியவரை. பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணி ஆயிற்று. எழுந்து பார்த்தால் ஜீப் முழுக்க வெள்ளை எண்கள். பிறகு எண்ணினேன்.

10, 12, 13, 14, 17, 19, 22. அவ்வளவுதான்.

ஏழே அளவு. இந்த இரும்பு மலை மொத்தத்தையும் ஏழு அளவுகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஜா. வாங்கி வைத்திருக்கும் பளபளப் பெட்டியில் நூற்றுச் சொச்சம் சாமான். நானும் பதினோரு வருஷம் இருபது கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், பாதிக்கு மேல் ஒரு நாளும் நட்டையே பார்த்திராதவை. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் வண்டியைக் கேட்கவில்லை. இருபத்து நாலு வருஷம் டூல்ரூமில் குப்பை கொட்டியவனுக்கு இது தெரிய ஒரு கை போக வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் நின்று பார்த்தான். எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியின் செக்ரட்டரி வந்து, ஜீப்பை விற்கப் போகிறீர்களா, ஏன் நம்பர் போட்டிருக்கிறீர்கள் என்றார். லிஃப்டில் இரண்டாம் மாடி அம்மாக்கள் இரண்டு பேர். நான் இறங்கியதும் கதவு மூடுவதற்குள் மராத்தியில் "பிச்சாரா". பாவமாம். மூன்று விரலும் இரண்டு காதும் நன்றாகவே வேலை செய்கின்றன என்று சொல்லியிருக்கலாம்.

எழுத நினைத்தது இது இல்லை. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

பிரஸ்ஸில் புது அச்சைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நானே ஓட்டினேன், பெடலில் என் கால்தான். அளந்துவிட்டு வெர்னியரை மேடை ஓரத்தில் வைத்திருந்தேன். முதல் சம்பளத்தில் வாங்கிய வெர்னியர். மிதித்தேன். மேல் அச்சு இறங்குவதைப் பார்த்தேன். வெர்னியர் அடியில் கிடப்பதையும் பார்த்தேன். முடிவு எடுத்ததாக நினைவே இல்லை. கை போயிருந்தது.

வெர்னியருக்கு ஒரு கீறல் இல்லை. பீரோவில் இருக்கிறது. கால் தவறி மிதித்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். எ.யிடமும். ஒரு சாமானைக் காப்பாற்றக் கையை விட்டேன் என்று எந்த வாயால் சொல்ல?

என் பயமெல்லாம் இதுதான். விரல் இல்லாமல் வேலை செய்யப் பழகலாம். ஆனால் வண்டி ஜாக்கில் நிற்கும்போது அடியில் ஏதாவது உருண்டால் இந்தக் கை மறுபடி போகுமா? என்னைக் கேட்காமல் போன கை. பதில் தெரியாமல் எந்த வண்டியிலும் கை வைக்கக் கூடாது. கை வைக்காமல் பதில் தெரியப் போவதும் இல்லை.

பத்து வரி தாண்டிவிட்டது. பேனாவை வைக்கிறேன்.

10 டிசம்பர், புதன்

கறுப்பு ஃபோம் தகடு இரண்டு வாங்கி வந்தேன். டூல்ரூம் பலகை மாதிரியே செய்ய ஆசை. எங்கள் பலகையில் ஒவ்வொரு சாமானுக்கும் அதன் நிழல் வரைந்திருக்கும். நிழல் காலியாகத் தெரிந்தால் சாமான் வெளியே இருக்கிறது. பலகை நிறையாமல் ஷிப்ட் முடியாது, யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அந்த விதிக்கு நான் காவல்காரன்.

காலை முழுக்க வெட்டினேன். இடது கையில் கத்தி, வலது முழங்கையால் தகட்டை அழுத்திக்கொண்டு. ஏழு ஸ்பானரும் ஏழு குழியில் போய் உட்கார்ந்தன. ஒரு மயிரிழை இடம் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோயில் நகைப் பெட்டிகூட இப்படி இருக்காது.

பிறகு 14-ஐ எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. குழிக்குள் இறங்கியிருக்கும் சாமானை எடுக்க ஆள்காட்டி விரலும் நடு விரலும் வேண்டும். கட்டை விரலை விட்டுத் தோண்டினேன், மோதிர விரலால் கிள்ளினேன். தகடு முழுவதும் தூக்கிக்கொண்டு வந்தது, ஸ்பானர் அசையவில்லை.

இல்லாத விரல்களுக்குப் பெட்டி செய்திருக்கிறேன்.

எ. டீயோடு வந்தாள். நான் தகட்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். டீயை வைத்தாள், தகட்டைத் தடவிப் பார்த்தாள், இது தண்ணியில நனைஞ்சா ஊறிக்கிட்டே இருக்காதா, துரு பிடிக்காதா என்றாள். அதையும் நான் யோசிக்கவில்லை.

மத்தியானம் பழைய ஜீப் கூரையின் கேன்வாஸை எடுத்துத் துவைத்துப் போட்டிருந்தாள். சாயங்காலம் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். டேப் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்பானரையும் துணி மேல் வைப்பாள், பக்கத்தில் தன் இரண்டு விரலை வைப்பாள், ஒரு மடிப்பு, ஒரு ஓட்டம். என் வலது கையைப் பிடித்து இழுத்துத் துணி மேல் வைத்துப் பார்த்தாள், மீன் கடையில் மீனைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. பையின் வாயை என் கட்டை விரல் நுழையும் அகலத்துக்குத் தளர்த்தினாள், தலை மூன்று விரற்கடை வெளியே நிற்கும் ஆழம் வைத்தாள். மேலே ஒரு மூடி மடிப்பு, குதித்தாலும் விழாமல். சுருட்டிக் கட்ட இரண்டு நாடா, முடிச்சு வேண்டாம் என்று உலோக வளையம்.

ஒன்றரை மணி நேரம். நான் எடுத்தேன். வந்தது. வைத்தேன். போனது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். வந்தது.

இருபத்து நாலு வருஷம் நுண்ணளவு பார்த்தவன் வீட்டில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் ஜாக்கெட் தைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுருளில்: ரிங் ஸ்பானர் 7. சிறிய திறந்த வாய் ஸ்பானர் 4. திருப்புளி 3. குறடு 2. வாய் அகலும் ஸ்பானர் 1. சுத்தி 1. உளி 1. அரம் 1. ஆலன் சாவிக் கட்டு 1. காற்று பார்க்கும் மீட்டர் 1. ஹாக்ஸா பிளேடு 1. மொத்தம் 23 பை.

எண்ணுவது எப்படி என்று எ.க்குச் சொல்லிக்கொடுத்தேன். வேலை முடிந்ததும் பை பையாக. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரியே எடுத்தாள். "டென்?" என்பாள், நான் பிரசென்ட் சொல்ல வேண்டும்.

11 டிசம்பர், வியாழன்

குளிர் குறைவு. இன்று சக்கரம்.

வீல் நட் முழுக்க இறுகிக் கிடந்தது. எல் வடிவக் கம்பியைப் போட்டு இடது கையால் இழுத்தேன். அசையவில்லை. வலது உள்ளங்கையால் தள்ளினேன். தையல் போட்ட இடம் சுளீர். ஏறி மிதிக்கலாம், ஆனால் காட்டில் ஈரச் செருப்போடு மிதித்தால் வழுக்கும்.

வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. நாலடி நீளம். அதைப் பார்த்தேன். விலகி வந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

எழுத வெட்கமாக இருக்கிறது. ஸ்பானர் பிடியில் பைப் மாட்டித் திருகுவது டூல்ரூமில் பெரிய பாவம். நட் முறியும், பிடி வளையும், ஆளும் விழுவான். அப்படிச் செய்த எத்தனை பேரை நான் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன்! ஒருத்தனை அழவே வைத்தேன்.

இன்றைக்கு மாட்டினேன். பைப்பின் கடைசியில் மூன்று விரலை வைத்து, உடம்பைச் சாய்த்தேன். அழுத்தக்கூட இல்லை, சாய்ந்தேன். நட் ஒரு பெருமூச்சு விட்டது, திரும்பியது.

கீழே உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். நாலடிப் பைப். அதில் ஒரு பல் இல்லை, ஒரு ஸ்பிரிங் இல்லை. ஐந்து விரல் இருக்கிறவனுக்கும் மூன்று விரல் இருக்கிறவனுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் நாலடி நீளம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் படம் போட்டு மார்க்கு வாங்கியிருக்கிறேன். இன்றைக்குத்தான் நம்பினேன்.

இறுக்கும்போது மட்டும் பைப் கூடாது. அது விதி, அதை விடமாட்டேன்.

ஜாக் வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, மாட்டி, இறக்கி, ஐம்பது நிமிஷம். முன்பெல்லாம் பன்னிரண்டு. பரவாயில்லை. தூக்கியதும் கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே படுக்க வைத்துவிட வேண்டும். ஜாக் சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும். அதற்கு அப்புறம்தான் கை உள்ளே.

ஜா.வுக்குப் போன். டூல்ஸ் நான்தான் கொண்டு வருகிறேன் என்றேன். அப்படியானால் என் பெட்டி வீட்டில் தூங்கட்டும், என்றான். நல்லவன்.

எ. தானும் வருகிறேன் என்றாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ஏன் என்றேன். அட்டெண்டன்ஸ் யார் எடுப்பாங்க என்றாள்.

பின்சேர்க்கை. ஏழு மணி. சுருளைப் பிரித்தால் சின்னத் திருப்புளியின் பை காலி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. குக்கர் கைப்பிடி ஆடியதாம், எடுத்து முடுக்கிவிட்டு ஸ்டவ் பக்கத்திலேயே வைத்துவிட்டாளாம். நான் கத்தினேன். "உயிரே போனாலும் எண்ணிக்கை சரியா இருக்கணும். ஒரு பை காலியா இருந்தா வண்டி அந்த எடத்த விட்டு நகராது, புரியுதா?" பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் திருப்புளியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பையில் வைத்தாள். இருபத்து மூன்றையும் எண்ணினாள், வாய்க்குள்ளேயே.

கத்தியது தப்பு. விதி சரி.

12 டிசம்பர், வெள்ளி

எ. பேசுகிறாள், ஆனால் அளந்து. இட்லி. சட்னி. பால் வந்துவிட்டது. அவ்வளவே.

இன்றைக்கு எதை எங்கே வைப்பது. வண்டியில் சாமான் வைப்பது என்றால் எல்லாரும் பின்னால் திணிப்பார்கள். நானும் அப்படித்தான். ஐந்து வருஷம் முன்பு ஜா. வண்டியின் பின்கதவு மண்மேட்டில் முட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. டூல்ஸ் உள்ளே, நாங்கள் வெளியே. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இந்தத் தடவை:
ஜாக், முன் சீட்டுக்குப் பின்னால், தரையோடு. பட்டை போட்டு இறுக்கி. உருண்டால் எலும்பை உடைக்கும் கனம்.
ஜாக்குக்கு அடியில் வைக்கும் பலகை, அதன் மேலேயே.
பைப்பும் மண்வெட்டியும் பக்கச் சட்டத்தில், வெளியே. இரண்டு நாடாவை அவிழ்த்தால் கையில்.
கயிறு, தண்ணீர், முதலுதவி, பின்னால்.
சுருள், இடது முன் சீட்டுக்கு அடியில். எ. காலடியில். எந்தப் பக்கம் வண்டி சாய்ந்தாலும் ஏதாவது ஒரு கதவு வழியாக எட்டும்.

குலுக்கிப் பார்த்தேன். சொசைட்டி வேகத்தடை மேல் நாலு தடவை வேகமாக ஏறி இறங்கினேன். செக்ரட்டரி பால்கனிக்கு வந்தார். ஒரு சத்தம் இல்லை, எங்கும் ஒன்றும் அசையவில்லை. இரும்பெல்லாம் தூங்குகிறது.

எ.யிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று சமையலறை வாசல் வரை போனேன். நாளைக்குத் தயிர் சாதமா புளி சாதமா என்று கேட்டாள். புளி என்றேன். வந்துவிட்டேன்.

13 டிசம்பர், சனி

ஐந்தரை மணி. கிளம்பும் அவசரம். எ. கீழே சுருளோடு நிற்கிறாள், ஸ்வெட்டரும் மஃப்ளரும். இருபத்து மூன்று, எண்ணியாயிற்று.

இரவெல்லாம் இல்லாத ஆள்காட்டி விரல் அரித்தது.

14 டிசம்பர், ஞாயிறு

காலை. எஸ்தர் சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். நேற்றையதை முழுக்க எழுதிவிட வேண்டும். கை வலித்தால் வலிக்கட்டும்.

முள்ஷி ஏரியைத் தாண்டும்போது விடிந்தது. தண்ணீர் மேல் புகை மாதிரி பனி, அதற்கு மேலே மலை மட்டும் மிதந்தது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எஸ்தர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐம்பது கிலோமீட்டரில் இப்படி ஒன்று இருப்பது தெரியாதாம். வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஜெபம் பண்ணுகிற மாதிரி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பின்னால் ஜாதவ் ஹாரன் அடித்தான்.

தடம் மோசம். மழைக்காலம் அறுத்துப் போட்ட வாய்க்கால்கள், ஆள் உயரக் கற்கள். ஜீப் ஒவ்வொரு கல்லாகக் காலை வைத்துப் பார்த்து ஏறியது. கியர் இடது கை, அதில் குறையில்லை. ஸ்டியரிங்கை வலது உள்ளங்கையால் உருட்டினேன். பத்து மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பதினோரு மணிக்கு ஓடையைத் தாண்டி ஏறும் இடத்தில் முன்னிடது டயரைக் கல் கிழித்தது. கூர்மையான கல், பக்கவாட்டில் கையளவு கிழிசல். மற்ற மூன்று வண்டியும் நின்றன. எல்லாரும் இறங்கினார்கள். யாரும் கிட்டே வரவில்லை. ஜாதவ் சொல்லி வைத்திருக்கிறான்.

நானே. பலகை, அதன் மேல் ஜாக். பைப் மாட்டிச் சாய்ந்தேன், ஐந்து நட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருமூச்சு விட்டன. சக்கரம் வெளியே வந்தது. யாரோ கைதட்டினார்கள், ஜாதவ் அதட்டி நிறுத்தினான். ஜாதவ் பின்கதவில் இருந்த ஸ்டெப்னியை இறக்கிக்கொண்டிருந்தான், சட்டத்துக்கு அடியில் போட. கழற்றிய சக்கரம் என் கையருகிலேயே கிடந்தது. ஒரு நொடியில் அதையே அடியில் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. பெருமிதம்.

சக்கரம் இல்லாத இடத்தில் பார்த்தால் பிரேக் குழாயைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்து ஆடுகிறது. பன்னிரண்டு ஸ்பானர். ஒரு நிமிஷ வேலை. எஸ்தர் சுருளை மடியில் விரித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். "ட்வெல்வ்" என்றேன், எடுத்துத் தந்தாள். முடுக்கினேன். ஸ்பானரைப் பிரேக் டிரம்முக்கு அடியில் ஒரு தட்டைக் கல் மேல் வைத்துவிட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தேன். கசிவு இல்லை. பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

பலகைக்கு அடியில் சரளைக்கல் நழுவும் சத்தம். சின்னச் சத்தம்தான், அரிசி கொட்டுகிற மாதிரி.

ஜாக் சாய்வதைப் பார்த்தேன். டிரம் இறங்குவதைப் பார்த்தேன். அடியில் கல் மேல் ஸ்பானர் கிடப்பதையும் பார்த்தேன். அப்படியே பிப்ரவரி. எனக்கு நேரம் உறைந்து நின்றுவிட்டது. வலது தோளிலிருந்து கை கிளம்புவது தெரிந்தது. இதோ, போகிறது, என்று நினைத்தேன். நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்போது அங்கே இன்னொரு கை இருந்தது. எஸ்தருடையது. மடியில் பன்னிரண்டின் பை காலியாக இருந்தது, அவள் ஸ்பானரை எடுக்கக் குனிந்திருந்தாள். விரல் நுனி ஸ்பானரைத் தொட்டுவிட்டது.

என் கை போனது. ஸ்பானருக்குப் போகவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது. மூன்று விரலும் பூட்டிக்கொண்டன. இழுத்தேன். இருவரும் மல்லாந்தோம், அவள் தலை என் தாடையில் இடித்தது. டிரம் கல்லின் மேல் இறங்கியது. தரை வழியாக முதுகில் அதிர்ந்தது.

ஓடைச் சத்தம் மட்டும். ஜாதவ் ஸ்டெப்னியைப் பிடித்தபடி நின்றான், முகம் சுண்ணாம்பு.

எஸ்தர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று விரலை எண்ணியது எனக்குத் தெரிந்தது. நான் கேட்டது கேள்வியா திட்டா என்று தெரியவில்லை, என்னத்துக்கு உள்ளே விட்டாய் என்று. அவள் என்னைப் பார்த்துச் சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு ஒரு திருப்புளிக்கு அவ்ளோ கத்துனீங்க. காதுலயே இருந்துது. பை காலியா இருக்கேன்னு பாத்தேன், கை போயிடுச்சு. நான் யோசிக்கவே இல்ல."

நான் யோசிக்கவே இல்லை. இதை என் வாயால் சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆயிற்று. அவள் பத்து நொடியில் சொல்லிவிட்டாள்.

இருபத்து நாலு வருஷமாக என் உடம்பில் ஏறியிருந்த வியாதியை நாலே நாளில் அவளுக்கு ஏற்றிவிட்டிருக்கிறேன். இதைவிட வெட்கப்பட என் ஆயுளில் வேறு எதுவும் இல்லை.

ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து சொன்னேன். கால் தவறவில்லை என்று. வெர்னியர் என்று. கீறல்கூட விழவில்லை என்று. உன்னிடம் கத்தியது தப்பு, அந்த விதியும் தப்பு என்று. மூக்கு ஒழுகியது, துடைக்கக் கர்சீப் அவள்தான் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இத்தன நாளா நீங்க ஒத்தையாவா இத வெச்சிக்கிட்டு இருந்தீங்க" என்றாள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு வந்து புளி சாத டப்பாவைத் திறந்தாள்.

அப்புறம் எல்லாரும் சேர்ந்துதான் செய்தோம். இரண்டு ஜாக், சட்டத்துக்கு அடியில் முதலில் ஸ்டெப்னி, பிறகு மற்றதெல்லாம். நான் வாயால் சொன்னேன், நாலு பேர் கை செய்தது. முன்பு ஒருத்தரையும் என் ஸ்பானரைத் தொட விட்டதில்லை. ஜாதவ் பன்னிரண்டைத் தோண்டி எடுத்தான். நடுவில் வளைந்து, ரிங் பிளந்து. வீட்டுக்குக் கொண்டுபோ என்று நீட்டினான். அங்கேயே போட்டுவிடச் சொன்னேன். போட்டான்.

பை ஒன்று காலியாகவே மலையிறங்கினோம். வண்டி நன்றாகத்தான் நகர்ந்தது.

மாலை.

எஸ்தர் மத்தியானம் வந்தாள். சர்ச்சில் பாஸ்டரம்மா கையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாராம். வீட்டுக்காரர் பிடித்தார் என்று உள்ளதைச் சொன்னாளாம். பாஸ்டரம்மா தனியாகக் கூப்பிட்டு, ஏதாவது கஷ்டம் இருந்தால் தயங்காமல் சொல்லம்மா என்றாராம். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காட்டு, என்றேன். ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள்.

மணிக்கட்டில் கன்றிய தடங்கள். கீழ்ப்பக்கம் கட்டை விரல், கறுத்து. மேல்பக்கம் மோதிர விரல், சுண்டு விரல், ஊதா நிறத்தில். அதற்கு முன்னால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் சுத்தமாக, ஒன்றும் நடக்காத மாதிரி. என் கை அங்கே வரைந்து வைத்திருந்தது. பத்து மாதமாகத் தோசையைக்கூடத் திருப்பிப் போடாத விரல்கள். இவ்வளவு பலம் எங்கே இருந்தது? யார் கொடுத்தது?

விரல்களைத் தடத்தின் மேல் வைத்தேன். அப்படியே பொருந்தின. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது" என்றாள். "கைய எடுக்காதீங்க."